மூணு கோர்ட்டு, ஒரே கோட்டு

புதன்கிழமை பக்கத்தை செவ்வாய் ராத்திரியே ஒருதடவை பாத்துட்டு டைரிய மூடி வச்சுட்டேன், அதுக்குமேல பாத்தா தூக்கம் போயிடும். பதினோரு கேஸ். முன்சீப் கோர்ட்ல அஞ்சு, சப் கோர்ட்ல ரெண்டு, மாஜிஸ்திரேட் கோர்ட்ல நாலு. மூணும் ஒரே காம்பவுண்டுக்குள்ளதான், ஆனா மூணும் பத்தரைக்குத்தான் உக்காரும், எனக்கு இருக்கறதோ ஒரு உடம்பு, ஒரு கறுப்பு கோட்டு. பெரிய ஊர்ல ஆபீஸ் வச்சிருக்கவங்க ஒரு கோர்ட்டுக்கு ஜூனியர அனுப்பிட்டு இன்னொன்னுல நிப்பாங்க. நான் பதினாலு வருஷமா தனி. துணைக்கு ஒரு குமாஸ்தா அண்ணன், என் சீனியர் தொழில விட்டப்போ ரெண்டு பீரோ, ஒரு ரிவால்விங் சேர், கூடவே இவரும் எனக்கு வந்து சேந்தாரு. சட்டம் படிக்கல, ஆனா லிமிடேஷன், அதாவது எத எத்தன நாளுக்குள்ள ஃபைல் பண்ணணுங்கற கணக்கு எல்லாம் விரல் நுனியில இருக்கும்.

டைரி பத்தி சொல்லணும். இப்ப ஈகோர்ட்ஸ் ஆப்ல எழுத்தும் எண்ணுமா 16 இடம் இருக்கற சி.என்.ஆர். நம்பர (ஒவ்வொரு கேஸுக்கும் இருக்கற தனி நம்பர்) தட்டினா அடுத்த வாய்தா என்னைக்கு, எதுக்குன்னு போன்லயே வந்துடுது, அப்புறம் எதுக்கு மேடம் இன்னும் நோட்டுல எழுதறீங்கன்னு சின்னப் பசங்க கேப்பாங்க. ஆப்புக்கு தேதி தெரியும். "பெரியவருக்கு காது கேக்காது, மருமகன் கூட வரணும்"னு அதுக்குத் தெரியாது. "போன தடவை ஜட்ஜ் முகம் சுளிச்சாங்க, இந்த தடவை டைம் கேக்கக்கூடாது"ங்கறதும் தெரியாது. அதெல்லாம் என் டைரில பென்சில்ல இருக்கு.

ஆறே முக்காலுக்கு முதல் போன். ஒரு அம்மா, நம்பர் யார் குடுத்தான்னுகூட கேக்க விடல, "வக்கீலம்மா பையன ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி பேப்பர் குடுத்துட்டுப் போயிருக்காங்க, ராத்திரியே அவன அவங்க மாமா ஊருக்கு அனுப்பிட்டேன்"னு ஒரே மூச்சுல சொல்றாங்க. வாட்ஸப்ல போட்டோ அனுப்புங்கன்னேன், தலைகீழா ஒண்ணு, கட்டைவிரல் மறைச்சு ஒண்ணு, மூணாவதுலதான் எழுத்து தெரிஞ்சுது. பி.என்.எஸ்.எஸ்.ங்கற புது கிரிமினல் நடைமுறைச் சட்டத்துல வர்ற 35(3) நோட்டீஸ். பழைய 41ஏ. போட்டிருந்த செக்‌ஷன் 296(பி), 115(2), 351(2), அதாவது கெட்ட வார்த்தை, கைகலப்பு, மிரட்டல். பழைய கணக்குல 294(பி), 323, 506, எங்க பக்கத்து எஃப்.ஐ.ஆர்.ல பாதி இந்த மூணும் ஜோடி போட்டுத்தான் வரும்.

"அம்மா, இது அரெஸ்ட் பேப்பர் இல்ல. விசாரணைக்கு வாங்கன்னு கூப்பிடறது. போனா, எழுத்துல காரணம் எழுதாம அரெஸ்ட் பண்ண முடியாது. போகாம ஒளிஞ்சாத்தான் அவங்களுக்கு காரணம் கிடைக்கும். பையன வரச்சொல்லுங்க." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "அப்ப நான்தான் தப்பு பண்ணிட்டேனா"ன்னு ஒரு குரல். இல்லம்மா, பயந்தா எல்லாரும் இதத்தான் பண்ணுவாங்கன்னு சொல்லிட்டு வச்சேன். 2024 ஜூலை 1-ல இருந்து சட்டத்துக்கு பேரு, நம்பர் எல்லாம் மாறிப்போச்சு, ஆனா அதுக்கு முன்னாடி நடந்த சம்பவத்துக்கு பழைய ஐ.பி.சி.தான், அதனால ரெண்டு செட் புக்கையும் கட்டி மேய்க்கணும். நானே பேசும்போது 41ஏ-ன்னுதான் சொல்றேன், வாய் திருந்தல. நானூத்தி இருபதுக்கு இப்ப நம்பர் 318(4), அதச் சொல்லி யாரையாவது திட்ட முடியுமா சொல்லுங்க.

ஒன்பது மணிக்கு ஆபீஸ் திறந்தா வாசல்ல ஒருத்தர் மஞ்சப்பையோட உக்காந்திருக்காரு. புதுசா வர்றவங்க கிட்ட நான் கேக்கற முதல் கேள்வி "என்ன பிரச்சன" இல்ல, "எதிர்ல யாரு". சின்ன ஊர்ல இது ரொம்ப முக்கியம். ஒருதடவை ஒருத்தர் முக்கால் மணி நேரம் தன்னோட கதை பூரா கொட்டினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அவரு சொல்ற அந்த "அயோக்கியப் பய" என்னோட கட்சிக்காரர்னு. ஒரு தரப்புக்கு அதே விஷயத்துல யோசனை சொன்ன வக்கீல் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல் இருக்கு, அந்த முக்கால் மணி நேரத்துல ரெண்டு பேர் கேஸும் எனக்கு இல்லாம போச்சு. அதுல இருந்து முதல்ல பேரு, அப்புறம்தான் கதை.

இவரு எதிர்ல சொன்ன ஆளு எனக்கு யாருன்னே தெரியாது, நல்லது. கைமாத்தா குடுத்த பணத்துக்கு வாங்கின செக் திரும்பிடுச்சு. பைக்குள்ள இருந்து செக்கும் ரிட்டர்ன் மெமோவும் எடுத்தாரு, பிளாஸ்டிக் கவர்ல, பத்திரமா, அவ்வளவு பத்திரமா வச்சு இருந்துட்டாரு. மெமோல தேதி ஜனவரி 5. இன்னைக்கு பிப்ரவரி 4.

"பேங்க்ல போய் மெமோ என்னைக்கு வாங்கினீங்க?"

"எட்டாம் தேதி மேடம். அப்ப 30 நாளுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு, சரிதானே? கூகுள்ல பாத்தேன்."

கூகுள் சரியாத்தான் சொல்லியிருக்கு, செக் திரும்பின தகவல் பேங்க்ல இருந்து கிடைச்ச நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ் குடுக்கணும், நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆக்ட் 138-வது பிரிவு அதத்தான் சொல்லுது. ஆனா தகவல்னா பேப்பரா மட்டும்தான் வரணுமா? போனக் குடுங்கன்னு வாங்கி ஜனவரி மெசேஜ் எல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்தேன். இருந்துச்சு. ஜனவரி 5, சாயந்திரம், "உங்கள் கணக்கில் செலுத்திய காசோலை திரும்பியது". நாளைக்கு எதிர் வக்கீல் இந்த மெசேஜ கோர்ட்ல காட்டி "தகவல் அஞ்சாம் தேதியே கிடைச்சுடுச்சு, நோட்டீஸ் லேட்டு"ன்னு நின்னா? அந்த வாதம் நிக்குமா நிக்காதாங்கறது வேற, அத வாதாடற நிலைமைக்கே ஏன் போகணும். அஞ்சாம் தேதிய விட்டுட்டு ஆறுல இருந்து எண்ணினா ஜனவரில 26 நாள், பிப்ரவரில நாலு. முப்பது. இன்னைக்குத்தான் கடைசி.

செக்க மறுபடி போட்டுப் பாக்கலாம், திரும்பத் திரும்பப் போடலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2012-ல சொல்லியிருக்கு, அப்படிப் போட்டா 30 நாளும் புதுசா கிடைக்கும். ஆனா செக்குக்கு ஆயுசு மூணு மாசம்தான், இவரு செக் தேதி அக்டோபர் 10. முடிஞ்சுபோச்சு. அவரு முகத்தப் பாத்து "சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடலாம், எதிராளியோட சரியான அட்ரஸ் மட்டும் குடுங்க, வீடு, கடை ரெண்டும்"னு சொல்லிட்டு டைரில இன்னைக்குப் பக்கத்துல சிவப்பு மசில பெருசா ஒரு வட்டம் போட்டேன். மணி ஒன்பதே முக்கால்.

பத்தரை. இத எப்படி விளக்கறதுன்னு தெரியல. முன்சீப் கோர்ட்ல டவாலி பேரு கூப்பிட ஆரம்பிக்கறாரு, அங்க ரெண்டு கேஸ்ல எழுந்து நின்னு வாய்தா வாங்கிட்டு, மூணாவது வர நேரம் ஆகும்னு கணக்குப் போட்டு, மாடிப்படி ஏறி சப் கோர்ட்டுக்கு ஓடறேன், அங்க என் கேஸ் எட்டாவது, இப்ப மூணுதான் ஆயிருக்கு, மறுபடி இறங்கி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஓடினா அங்க வாசல்லயே குமாஸ்தா அண்ணன் நின்னு ஒரு விரல் காட்டறாரு, ஒரு கேஸ் ஆயிடுச்சாம், அக்யூஸ்டு வரல, அப்சென்ட் பெட்டிஷன் போட்டாச்சு. இதுக்கு நடுவுல படிக்கட்டுல ஒருத்தர் வழிமறிச்சு "மேடம் என் கேஸ் என்னாச்சு"ங்கறாரு, அவரு கேஸ் அடுத்த மாசம். சிவில் புரொசீஜர் கோட் 17-வது ஆர்டர்ல ஒரு பார்ட்டிக்கு மூணு வாய்தாவுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. அதப் படிக்கும்போது எங்களுக்கே சிரிப்பு வரும், ஆனா அந்த மூணுல ரெண்டு வாய்தாவாவது நான் நின்ன இடத்துக்கும் கூப்பிட்ட இடத்துக்கும் நடுவுல இருக்கற படிக்கட்டுல போயிருக்கும்.

பதினொன்றே கால் வாக்குல முன்சீப் கோர்ட் வராண்டா பெஞ்சுல உக்காந்தேன். அடுத்து வர்றது பாதை கேஸ். நான் வாதி பக்கம், பெரியவரோட நிலத்துல பக்கத்து நிலத்துக்காரர் குறுக்க வரக்கூடாதுன்னு நிரந்தர இன்ஜங்ஷன், அதாவது தடை உத்தரவு கேட்டு. போன வாய்தால பெரியவரோட சாட்சியத்த எழுத்துல, புரூஃப் அஃபிடவிட்டா போட்டாச்சு, இன்னைக்கு அவர எதிர்த்தரப்பு கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை பண்ணணும். கேஸ் கட்ட சும்மா ஒருதடவை புரட்டலாம்னு எடுத்தேன், ஒரு கையில பத்திரம், ஒரு கையில நான் போட்ட பிராது, அதாவது வழக்கு மனு.

பத்திரத்துல நான்கெல்லை இப்படி இருக்கு: "வண்டிப்பாதைக்கு கிழக்கு, ஓடைக்கு தெற்கு..." என் பிராது இங்கிலீஷ்ல. அதுல சொத்து விவரத்துல நான் டைப் அடிச்சிருக்கேன், கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே ஓடை.

வயிறு கலங்கிடுச்சு.

பத்திரத்து பாஷை தெரியாதவங்களுக்கு சொல்றேன். "வண்டிப்பாதைக்கு கிழக்கு"ன்னா பாதை கிழக்க இருக்குன்னு அர்த்தம் இல்ல, நம்ம நிலம் பாதைக்கு கிழக்க இருக்குன்னு அர்த்தம். அப்ப பாதை நமக்கு மேற்கே. பழைய பத்திரம் எழுதறவங்க எல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க, நிலத்துல நின்னுக்கிட்டு சுத்திப் பாக்காம, பக்கத்துல இருக்கற ஒவ்வொண்ணுலயும் போய் நின்னு நிலத்தப் பாக்கற மாதிரி. அத அப்படியே கிழக்குக்கு கிழக்குன்னு மாத்திப் போட்டா நாலு பக்கமும் தலைகீழாப் போயிடும், நிலம் இருக்கற இடத்துல இல்லாம கண்ணாடில தெரியற மாதிரி ஆயிடும். இதுலயும் எல்லா பத்திரமும் ஒரே மாதிரி இல்ல, புதுசுல "கிழக்கில்: இன்னாரது நிலம்"னு நேரடியாவும் வரும், அதனாலதான் வாசிச்சு வாசிச்சு டைப் அடிக்கணும். எனக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். என் சீனியர் முதல் வாரம் சொல்லிக்குடுத்ததே இதுதான். ராத்திரி பதினொரு மணிக்கு பழைய ஒரு பிராத திறந்து அதுக்கு மேலயே டைப் அடிச்சா, தெரிஞ்சதும் தெரியாம போகும். கூட ஒரு ஜோடி கண்ணு இருந்தா பிடிச்சிருக்கும். என் ஆபீஸ்ல இருக்கறது என் கண்ணு மட்டும்தான், அது ஏற்கனவே தான் எழுதினத சரின்னு நம்பிடுச்சு.

பெரியவர் பக்கத்துலயே உக்காந்திருக்காரு, வெள்ளை வேட்டி, சாட்சி சொல்றதுக்காக புதுசு. மறைக்க மனசு வரல. "ஐயா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்"னு பத்திரத்தையும் பிராதையும் காட்டி சொன்னேன். அவரு கண்ணாடியப் போட்டு பத்திரத்த மட்டும் பாத்தாரு, இங்கிலீஷ் பக்கம் போகவே இல்ல. "பாதை மேக்கதானம்மா இருக்கு, பத்திரத்துலயும் சரியாத்தான போட்டிருக்கு. நீங்க எழுதினப்ப என்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். இந்த தாலுகா கோர்ட்ல தமிழ்லயே பிராது போடலாம், போட்டிருந்தா அவரே படிச்சு அன்னைக்கே சொல்லியிருப்பாரு.

கூப்பிட்டாங்க. எழுந்து, சொத்து விவரத்துல பிழை இருக்கு, திருத்த மனு போடறேன், டைம் வேணும்னு நேரா சொல்லிட்டேன். ஜட்ஜ் கேட்ட கேள்வி எதிர்பார்த்ததுதான்: டிரயல் ஆரம்பிச்சாச்சே? அதே சிவில் புரொசீஜர் கோட்ல ஆறாவது ஆர்டர் 17-வது ரூல்ல 2002-ல சேத்த ஒரு வரி இருக்கு, டிரயல் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பிராத திருத்தறதா இருந்தா, கவனமா இருந்தும் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க முடியாதுன்னு கோர்ட்ட நம்ப வைக்கணும். கவனமா இருந்தேன்னு நான் எந்த வாயால சொல்ல? பத்திரம் பிராதோடயே ஃபைல் ஆயிருக்கு, சொத்து அதே சொத்துதான், இது எழுத்துப்பிழை, வழக்கோட தன்மை மாறல, அந்த வழியிலதான் போகணும். பத்து நாள் குடுத்தாங்க.

எதிர் வக்கீல் என்னவிட நாலஞ்சு வருஷம் சீனியர். வெளிய வந்ததும் "மேடம், மனு வந்தா நான் கவுண்டர் போட்டுத்தான் ஆகணும், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னாரு. கவுண்டர்னா எதிர்மனு. "போடுங்க சார், நானா இருந்தாலும் போடுவேன்"னேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவரு கட்சிக்காரருக்கு அவரு உண்மையா இருக்காரு.

அதுக்குள்ள குமாஸ்தா அண்ணன் மாடில இருந்து கை காட்டறாரு. சப் கோர்ட்.

இங்க உயில் கேஸ். அப்பா சொத்துல பங்கு கேட்டு ரெண்டு மகள்கள், நான் அவங்களுக்கு. மகன் ஒரு உயில நீட்டறாரு, சொத்து பூரா தனக்குன்னு. உயில்னா ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், அதுல ஒருத்தராவது கோர்ட்ல வந்து நிரூபிக்கணும். அந்த ஒருத்தர்தான் இன்னைக்கு கூண்டுல. நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிஞ்சாரு. நான் ஊர்க்கதை மாதிரி ஆரம்பிச்சேன், அன்னைக்கு மழையா, எப்படிப் போனீங்க, வீட்ல யார் யாரு இருந்தாங்க, உயில் எழுதின பெரியவர் கட்டில்லயா நாற்காலியிலயா. அப்புறம், நீங்க உள்ள போனப்போ உயில் எங்க இருந்துச்சு?

"டேபிள் மேல இருந்துச்சுங்க."

"பெரியவர் கையெழுத்து?"

"போட்டிருந்துச்சுங்க."

அந்த ஒரு செகண்டு. எதிர் வக்கீல் நிமிர்ந்து பாத்தாரு. டைப்பிஸ்ட் தட்டறது கேக்குது: "நான் சென்றபோது உயிலில் பெரியவரின் கையெழுத்து ஏற்கனவே இருந்தது என்று சொன்னால் சரிதான்." நம்ம கோர்ட் வாக்குமூலத்துல மட்டும் வாழற பாஷை அது. சாட்சி "ஆமாங்க"ன்னா "என்று சொன்னால் சரிதான்", "அதெல்லாம் இல்லீங்க"ன்னா "என்று சொன்னால் சரியல்ல". படிக்காத ஆள்கூட கூண்டுல ஏறினா செந்தமிழ்ல பேசின மாதிரி ரெக்கார்டு ஆகிடும்.

இப்ப அடுத்த கேள்விதான் ஆபத்து. சாட்சி முன்னாடிதான் கையெழுத்து போடணும்னு கட்டாயம் இல்ல, போட்டுட்டு "இது என் கையெழுத்துதான்"னு சாட்சிகிட்ட அவரே ஒத்துக்கிட்டாலும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவுக்கு அது போதும். "பெரியவர் உங்ககிட்ட என்ன சொன்னாரு"ன்னு நான் ஆசைப்பட்டு ஒரு கேள்வி கேட்டா, இவரு நல்ல மனுஷனா அந்த பதிலையும் குடுத்துடுவாரு, நான் கட்டின வீட்ட நானே இடிச்ச மாதிரி ஆயிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வேற ரெண்டு சில்லறைக் கேள்வி கேட்டு, கடைசியா வழக்கமான "நீங்க பொய் சாட்சி சொல்றீங்க"வையும் போட்டு, அதுக்கு வழக்கமான "சரியல்ல"வையும் வாங்கிட்டு உக்காந்துட்டேன். எதிர் வக்கீல் மறு விசாரணைல எழுந்து "பெரியவர் அது தன்னோட கையெழுத்துன்னு உங்ககிட்ட சொன்னாருல்ல"ன்னாரு, பதிலையும் சேத்து ஊட்டற கேள்வி. அப்ஜெக்‌ஷன் சொன்னேன், அத விட்டுட்டு வேற மாதிரி சுத்திக் கேட்டாரு, சாட்சி குழம்பிப்போய் "ரொம்ப நாள் ஆச்சுங்க"ன்னுட்டாரு. ஜெயிச்சேன்னு சொல்ல மாட்டேன், அந்த ஒரு வரி ரெக்கார்டுல இருக்கு, அவ்வளவுதான்.

இந்த கிராஸ்ல ஐம்பது நிமிஷம் போயிடுச்சு. இறங்கி வரும்போதுதான் உறைச்சுது, முன்சீப் கோர்ட்ல இன்னொரு கேஸ் இருக்கே! அதுல நான் பிரதிவாதி பக்கம், எதிருரை போட கடைசி வாய்ப்பு, 90 நாள் முடியப்போகுது, எதிருரை ரெடியா என் பைக்குள்ள இருக்கு, நான்தான் மாடில இருந்தேன். கூப்பிட்டு ஆள் இல்லைன்னா எக்ஸ்பார்ட்டி, நம்ம பக்கம் கேக்காமலே ஒருதலையா போயிடும். அத செட் அசைட் பண்ண, அதாவது ரத்து பண்ண மனு, அதுக்கு ஒரு அஃபிடவிட், அதுல ஒரு காரணம், காஸ்ட்ஸ், எல்லாத்துக்கும் மேல கட்சிக்காரர்கிட்ட "அம்மா நீங்க எங்க இருந்தீங்க"ங்கற கேள்வி. படில ரெண்டு ரெண்டா தாண்டி ஓடினேன்.

கோர்ட்ல வேற கேஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பெஞ்ச் கிளார்க் என்னப் பாத்து "பாஸ் ஓவர்ல இருக்கு மேடம்"னாரு, அப்புறமா மறுபடி கூப்பிடறதுக்குத் தள்ளி வச்சிருக்காங்க. யாரு கேட்டது? பாதை கேஸ்ல எனக்கு எதிர் வக்கீலா நின்ன சார்தான். அந்தக் கேஸ்ல அவரு வாதிக்கு. எழுந்து நின்னு "மேடம் மேல கிராஸ்ல இருக்காங்க, வந்துடுவாங்க"ன்னு சொல்லியிருக்காரு. காலைல நான் இவரு முன்னாடி என் தப்ப ஒத்துக்கிட்டு நின்னேன், பத்து நாள் கழிச்சு அதே தப்ப வச்சு எனக்கு எதிரா வாதாடப் போறவரு. எதிருரைய ஃபைல் பண்ணிட்டுத் திரும்பிப் பாத்தா ஆளக் காணோம், மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஓடியிருப்பாரு. அவருக்கும் ஜூனியர் கிடையாது.

மதியத்துக்கு மேல ரெண்டு வாய்தா, ஒரு நகல் மனு, ஒரு பேட்டா, அதெல்லாம் எழுத ஒண்ணுமில்ல.

நாலு மணிக்கு ஆபீஸ் வந்தா ஒரு அக்கா காத்திருந்தாங்க. நாளைக்கு சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ்ல அண்ணனுக்கு தன் பங்க விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கணுமாம், டிராஃப்ட காட்டி "கையெழுத்து போடலாமா"ன்னு மட்டும் சொல்லுங்கன்னாங்க. அப்பா சொத்து, அவரு சுயமா சம்பாதிச்சது, உயில் இல்ல. அப்ப 1956 இந்து வாரிசுச் சட்டப்படியே மகளுக்கு மகன் அளவுக்கு பங்கு இருக்கு, அதுக்கு 2005 திருத்தம்கூட தேவையில்ல, அது பூர்வீகச் சொத்துக்கு. பொண்ணுக்கு சட்டம் வந்ததே 2005-லதான்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

"பங்கு இருக்குன்னு எனக்குத் தெரியும் மேடம். அம்மா அவன்கூடத்தான் இருக்காங்க. நான் கேட்டா அம்மாவ என் வீட்டு வாசல்ல கொண்டுவந்து விட்ருவான்."

இதுக்கு எந்த செக்‌ஷன சொல்ல. டிராஃப்ட வாசிச்சேன். "மேற்படி பாகத்துக்கான கிரயத் தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு மனப்பூர்வமாக விடுதலை செய்து கொடுத்திருக்கிறேன்." பணம் வாங்கிட்டீங்களான்னு கேட்டேன். ஒரு ரூபா வாங்கலையாம். "அக்கா, விட்டுக்குடுக்கறதா வேண்டாமான்னு நான் சொல்ல முடியாது, அது உங்க குடும்பம். ஆனா வாங்காத பணத்த வாங்கினேன்னு எழுதி கையெழுத்து போடாதீங்க. குடுக்கறதா இருந்தா சும்மா குடுக்கறேன்னு உள்ளத உள்ளபடி எழுதுங்க, அம்மாவுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, அந்த வீட்ல ஆயுசு வரைக்கும் இருக்கற உரிமைய இதே பத்திரத்துல சேக்கச் சொல்லுங்க. அண்ணன் அதுக்கு ஒத்துக்கலைன்னா, எதுக்கு ஒத்துக்கலைன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க." கொஞ்ச நேரம் அந்தப் பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நாளைக்கு போறது இல்லைன்னு சொல்லல, போறேன்னும் சொல்லல. ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டாங்க, கேஸா வந்தா பாத்துக்கலாம்னேன். இந்த மாதிரி யோசனைக்கு காசு வாங்கத் தெரியாததுதான் என் பிசினஸோட பெரிய ஓட்டைன்னு குமாஸ்தா அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு.

நாலரை. சிவப்பு வட்டம். செக் நம்பர், தேதி, பேங்க், தொகை, திரும்பின காரணம், நோட்டீஸ் கிடைச்சு 15 நாளுக்குள்ள பணம் தரணும், இல்லைன்னா கிரிமினல் வழக்கு. தொகைய மட்டும் எழுத்துல, எண்ணுல, செக்க கண்ணுக்குப் பக்கத்துல வச்சு மூணு தடவை. காலைல அந்த நான்கெல்லைய பாத்ததுக்கு அப்புறம் என் டைப்பிங்க நானே நம்பல, அண்ணனைக் கூப்பிட்டு செக்க அவரு கையில குடுத்து "நான் படிக்கறேன், நீங்க பாத்துக்கிட்டே வாங்க"ன்னேன். ஒரு இடத்துல "ம்ம்"னாரு. செக் நம்பர்ல ரெண்டு இலக்கம் இடம் மாறியிருந்துச்சு.

ரெண்டு அட்ரஸுக்கும் தனித்தனி கவர், கையெழுத்து, சீல். அண்ணன் டி.வி.எஸ்.-ல பறந்தாரு. 2025-ல ரிஜிஸ்டர் தபால ஸ்பீடு போஸ்ட்டோட சேத்ததுல இருந்து எல்லாம் ஒரே கவுண்டர், அங்க ஒரே வரிசை. நான் ஆபீஸ்ல உக்காந்து கடிகாரத்த பாத்துக்கிட்டு இருந்தேன், வேற எந்தக் கட்டையும் தொட ஓடல. வாட்ஸப்ல ரசீது போட்டோ வந்துச்சு, ரெண்டு, நேரா, எழுத்து தெளிவா, தேதி 4. கட்சிக்காரருக்கு அனுப்பினேன், "நன்றி மேடம், அடுத்து எப்ப வரணும்"னு கேட்டாரு, அவருக்கு இன்னைக்கு எது எந்த அளவுக்கு கிட்டக்க போச்சுன்னு தெரியாது.

ராத்திரி வீட்ல பதினோரு கேஸுக்கும் அடுத்த வாய்தாவ டைரில ஏத்திட்டு, பாதை கேஸுக்கு திருத்த மனு ஆரம்பிச்சேன், இந்த தடவை தமிழ்லயே. பெரியவருக்கு இதுக்கு ஃபீஸ் கிடையாதுன்னு பென்சில்ல எழுதிக்கிட்டேன். "வண்டிப்பாதைக்கு கிழக்கு"ன்னு டைப் அடிச்சுட்டு, கண்ண மூடி அந்தப் பாதையில போய் நின்னு பாத்தேன், நிலம் எந்தப் பக்கம் இருக்குன்னு. அடுத்து ஓடை. அப்ப போன் அடிச்சுது, பாதை கேஸ் சார்.

"மேடம், தூங்கலையே? நாளைக்கு எனக்கு சப் கோர்ட்ல ஆர்க்யூமெண்ட்ஸ், முன்சீப்ல பத்தரைக்கே கூப்பிட்டுருவாங்க. நீங்க கீழதான இருப்பீங்க? ஒரு பாஸ் ஓவர் மட்டும் கேட்டு வைங்க."

"கேஸ் நம்பர் சொல்லுங்க சார்"னு வியாழக்கிழமை பக்கத்த திருப்பினேன்.